ஓலையில் உறங்கும் செங்கற்பட்டுச் சீமை

ஏழைக் குடியானவன் ஒருவன் வீட்டில் தீப்பிடித்துக்கொண்டால், அவன் முதலில் குழந்தைகளை வெளியே தூக்கி வருவான். அடுத்தபடியாகப் பரண்மேல் இருக்கும் பத்திரப் பெட்டியைத் தேடி ஓடுவான். அரைக் காணி நிலமேயானாலும் அதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்பதை அவன் அறிவான். சான்று போனால் நிலம் போகும். நிலம் போனால் ஊரில் நிற்க இடம் போகும். தனி மனிதன் நன்கு அறிந்திருக்கும் இந்த உண்மையைத் தேசம் அறிந்திருக்கிறதா என்று கேட்டால், அறிந்திருப்பதாகச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. நம்முடைய பத்திரப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பதையே நம்மில் பெரும்பாலோர் விசாரித்ததில்லை.

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு ரயிலில் செல்வோர், கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும் பொத்தேரி என்னும் நிலையத்தைக் கடந்து போகின்றனர். இன்று அங்கே கண்ணில் படுவன சர்வகலாசாலைக் கட்டடங்களும், மாடி வீடுகளும், தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் மாணவர் கூட்டமுமே. ஊரின் பெயரிலே மட்டும் ஏரி என்னும் சொல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் 250 ஆண்டுகளுக்கு முன் எத்தனை ஏரிகள் இருந்தன, எவ்வளவு நிலம் நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எந்த ஊரில் எத்தனை வீடுகள், அவ்வீடுகளில் வாழ்ந்தோர் செய்த தொழில் என்ன, களத்தில் குவிந்த நெல் யார் யாருக்குப் போயிற்று என்று ஒருவர் கேட்டால், அது கற்பனையில் காண வேண்டிய விஷயம் என்றே நினைப்போம். அவ்வாறன்று. ஊர் ஊராக எழுதிய கணக்கு இருக்கிறது. தமிழிலேயே இருக்கிறது. ஓலையில் இருக்கிறது. அதைப் படிப்பாரைத்தான் காணோம்.

கும்பினியார் கேட்ட கணக்கு

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, தாம் பட்ட கடனுக்கும் பெற்ற படை உதவிக்கும் ஈடாக, 1763-ஆம் ஆண்டில் சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். கைக்கு வந்த சீமையில் எவ்வளவு வசூலாகும் என்று அறிவதே வணிகர்களின் முதற் கவலை. ஆகவே தாமஸ் பர்னார்டு என்னும் கும்பினி இஞ்சினீயர் ஏவப்பட்டார். 1767 முதல் 1774 வரையில் அவர் ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார்.

பர்னார்டு வெறும் நிலத்தை மட்டும் அளந்து போயிருந்தால் நமக்கு ஒரு படமே மிஞ்சியிருக்கும். ஆனால் ஊரை அறிய வேண்டுமானால் ஊர்க் கணக்கனிடம் போகாமல் முடியாது. எந்த வயல் யாருடையது, எந்த மானியம் எந்தக் கோயிலுக்கு, எந்த ஏரி எத்தனை காணிக்குப் பாயும் என்பதெல்லாம் அவனுடைய ஓலையில் இருந்தன. அவ்வாறு ஊர்க் கணக்கர்களின் கையால் தமிழில் எழுதப்பட்ட விரிவான கணக்குகள் ஒரு பக்கமும், அவற்றைச் சுருக்கிக் கும்பினியார் தம் மொழியில் எழுதி வைத்துக்கொண்ட ஏடுகள் ஒரு பக்கமுமாக, இரண்டு வகைப் பதிவுகள் உண்டாயின. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் இருக்கின்றன.

இக்கணக்கு எடுக்கப்பட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். 1780-இல் ஹைதர் அலியின் படைகள் இச்சீமைக்குள் புகுந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை முறியடிக்கப்பட்டது. யுத்தம் நடந்த ஆண்டுகளில் ஊர்கள் பாழாயின, குடிகள் ஓடினர், ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794-இல் லயோனல் பிளேஸ் என்பவர் இங்கே கலெக்டராக வந்தபோது கண்டது நொந்து போன சீமை. பர்னார்டின் கணக்கோ அந்தப் பேரழிவுக்கு முன் எடுத்தது. யுத்தமும், கும்பினியாரின் நேர் வசூலும், 1802-இல் வந்த மிட்டா ஏலமும் கிராமத்தின் உருவத்தைக் கலைப்பதற்கு முன்னால், அந்த உருவம் எப்படியிருந்தது என்று சொல்ல வல்ல சாட்சி அது.

களத்து நெல்லின் கதை

ஓர் ஊரின் கணக்கில் என்ன இருக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். முதலில் ஊரின் மொத்த நிலம் காணிக் கணக்கில் வரும். அதிலிருந்து மலை, காடு, ஏரி, குளம், தோப்பு, நத்தம், தரிசு என்று கழித்துக் கொண்டு போய், நஞ்சை இவ்வளவு, புஞ்சை இவ்வளவு என்று காட்டும். காணி என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 1.32 ஏக்கர், 24 மனை கொண்டது ஒரு காணி. இன்று பொத்தேரிப் பக்கத்தில் மனை விற்போர் 2400 சதுர அடியை ஒரு கிரவுண்டு என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தக் கிரவுண்டு பழைய மனையின் இங்கிலீஷ்ப் பெயரேயன்றி வேறில்லை. அளவு மறையவில்லை, அளந்தவர்களைத்தான் மறந்தோம்.

அடுத்தபடியாக வீடுகள். வேளாளர் வீடு, பிராமணர் வீடு, கைக்கோளர் வீடு, இடையர் வீடு, செட்டி வீடு, தச்சன், கருமான், குயவன், வண்ணான், அம்பட்டன், பறையர் வீடு என்று சாதி வாரியாகவும் தொழில் வாரியாகவும் எண்ணப்படும். பிறகு விளைச்சல். எல்லாவற்றிலும் முக்கியமானது அதற்குப் பின் வருவது. களத்தில் நெல் அளக்கும்போது சர்க்காருக்கும் உழுதவனுக்கும் பங்கு பிரிக்கு முன்னரே, ஊரின் பொதுக் காரியங்களுக்காக மரக்காலாலும் படியாலும் அளந்து எடுத்து வைத்த மேரைகளும் சுதந்திரங்களும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் வருகின்றன. கோயிலுக்கு இவ்வளவு, ஏரி மராமத்துக்கு இவ்வளவு, கணக்கனுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கருமானுக்கு, வண்ணானுக்கு இவ்வளவு இவ்வளவு என்று.

இதன் பொருள் என்ன? ஏரியை வெட்டவும் மதகைச் செப்பனிடவும் ஊர் மக்கள் வேறு யாரிடமும் மனுப் போடவில்லை. விளைந்த நெல்லிலேயே ஏரிக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு கொடுத்த பின்னரே மற்றப் பேச்சு. கும்பினி ஆட்சியில் வரி ஒன்றே பெரிதாகிப் பொதுக் காரியப் பங்குகள் சுருங்கியபோது ஏரிகள் தூர்ந்தன என்பதில் வியப்பில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரம் சுற்றுப்புறங்களில் வீடுகளுக்குள் புகுந்தபோது, இங்கே முன்பு ஏரி இருந்ததா, கால்வாய் எந்த வழியே போயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். அத்தகைய கேள்விக்கு விடை கூறக்கூடிய கணக்குகள் தஞ்சாவூரில் கட்டுக்குள் இருக்க, நாம் வெள்ளத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காந்தியடிகளுக்கு நேர்ந்த சங்கடம்

ஆவணம் கையில் இல்லாதவனுக்கு நேரும் சங்கடம் என்னவென்பதைக் காந்தியடிகளின் வாழ்விலிருந்தே அறியலாம். 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் லண்டனில் பேசியபோது, ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று கூறினார். ஸர் பிலிப் ஹார்டாக் என்னும் கல்வி நிபுணர் உடனே அதற்கு ஆதாரம் கேட்டார். காந்தியடிகள் நாடு திரும்பியதும் சிறை புகுந்தார். ஹார்டாக் விடவில்லை, ஆண்டுக் கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் திருப்தியடையும் வகையில் ஆதாரம் காட்ட இயலவில்லை. சொன்னது உண்மையாயிருந்தும் சான்று கிட்டாததால் வழக்கு நிலுவையில் நின்றது.

அந்தச் சான்று எங்கே இருந்தது? சென்னையிலேயே இருந்தது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு, ஜில்லா ஜில்லாவாக எடுக்கப்பட்ட பள்ளிக்கூடக் கணக்கு சர்க்கார் காப்பகத்தில் கிடந்தது. தரம்பால் என்னும் காந்தியவாதி அதைத் தேடி எடுத்து 1983-இல் நூலாக வெளியிட்டார். காந்தியடிகள் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின் அவர் சார்பில் சாட்சி கூண்டேறியது.

அதே தரம்பால்தான் செங்கற்பட்டுக் கணக்கின் அருமையையும் உணர்ந்து முதலில் அதை எடுத்துரைத்தவர். அவரைப் பின்பற்றிச் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தார் ஓலைகளைப் படிக்க முற்பட்டனர். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்குகளை 2001-இல் நூலாக அச்சிட்டனர். இது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் ஏறத்தாழ 2000 ஊர்கள் எங்கே, அச்சேறிய இந்த ஊர்கள் எங்கே! இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் தம் ஊர்க் கணக்கைக் காணப் போவதில்லை.

சேரியின் கணக்கு

பழைய ஏடுகளைப் பற்றிப் பேசும்போது தேசபக்தர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. பெருமை தரும் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, வெட்கம் தரும் பக்கத்தை விரலால் மூடிக்கொள்வார்கள். செங்கற்பட்டுக் கணக்கு அதற்கு இடந்தராது. களத்து நெல்லில் வெட்டியானுக்கும் ஒரு பங்கு உண்டென்று சொல்லும் அதே ஓலை, பறையர் வீடுகளைத் தனியே எண்ணுகிறது. 1816-இல் மிராசு உரிமை குறித்த வினாக்களுக்கு விடை எழுதிய எல்லிஸ் துரை, தொண்டை மண்டலத்தில் உழைப்பாளிகள் அடிமைகளாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். ஊர் தன்னைத் தானே ஆண்டது உண்மை. அந்த ஊர் தன்னில் ஒரு பாகத்தை வேலிக்கு வெளியே வைத்திருந்ததும் உண்மை. ஓர் உண்மையைக் கொண்டு மற்றோர் உண்மையை அடிக்க முயல்வது சரித்திரமாகாது. அது வக்கீல் வாதம்.

இந்த இரண்டாவது உண்மைக்கு இச்சீமையில் மற்றொரு பெரிய ஆவணம் உண்டு. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்பவர் 1891-இல் இந்த ஜில்லாவின் பறையர் நிலையைக் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் அடிமனைகூட மிராசுதாரர் பிடியில் இருப்பதை அது எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக 1892-இல் பிறந்த உத்தரவே பஞ்சமி நிலம் என்று நாம் கூறும் நிலத்துக்கு வித்து. அந்நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் அல்லாதார் வாங்கவோ அனுபவிக்கவோ கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது; நிலமோ பல இடங்களில் கை மாறிப் போயிற்று.

ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஏடு உயிர் பெற்று எழுந்தது. மாமல்லபுரத்தை அடுத்த பகுதியில் உள்ள காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது புதிய சலுகையன்று. சர்க்காரே எழுதி வைத்த பழைய எழுத்தை நிறைவேற்றும்படிதான் கேட்டார்கள். பழைய தஸ்தாவேஜு என்றால் கறையான் அரித்த குப்பை என்று எண்ணுகிறவர்கள் காரணையை நினைத்துப் பார்க்கட்டும். பணக்காரனுக்கு வக்கீல் இருக்கிறார், செல்வாக்கு இருக்கிறது. ஏழைக்கு இருப்பது பதிவேட்டின் ஒரு வரி. அந்த வரி கிழிந்தால் அவன் வழக்கும் கிழிந்தது.

கைவிட்டுப் போகும் கலை

ஓலை இருக்கிறதே, பின்னர் என்ன அவசரம் என்று கேட்பாரும் உளர். அவசரம் இருக்கிறது. ஓலை கல்லன்று. எண்ணெய் பூசி, பூச்சி அண்டாமல் காத்து வந்தாலும் அதற்கு ஆயுள் எல்லை உண்டு. முன்னோர் அதை அறிந்தே தலைமுறைக்குத் தலைமுறை புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். இந்தக் கணக்குகளுக்கோ வயது 250-ஐத் தாண்டிவிட்டது.

ஓலையைவிட வேகமாக அழிவது அதைப் படிக்கும் திறமை. பழைய கணக்கில் புள்ளியில்லை, நிறுத்தக் குறியில்லை. முந்திரி, அரைக்காணி, காணி, மா, வீசம் என்று கீழ்வாய் இலக்கங்கள் சுழித்து எழுதப்பட்டிருக்கும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிப் பையன் மனப்பாடமாக ஒப்பித்த இவற்றை இன்று பட்டதாரியும் அறியார். பரம்பரைக் கர்ணங்களின் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. அந்தப் பரம்பரை முறை போனது நன்றே. ஆயினும் அவர்களோடு பழைய கணக்கெழுத்தைச் சரளமாகப் படிக்கும் வழக்கமும் போயிற்று. இக்குறிகளைக் கணினியில் எழுதுவதற்குரிய ஏற்பாடு உலக எழுத்துருத் தரமான யூனிகோடில் 2019-இல்தான் வந்தது. தமிழுக்குரிய 51 குறிகள் அதில் இடம் பெற்றன. எழுதுவதற்கு இடம் கிடைத்துவிட்டது. படிப்பதற்கு ஆள் கிடைக்க வேண்டும்.

ஒரு தனி மனிதர் மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்பவர், பிறர் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்ட புத்தகங்களையும், பத்திரிகைகளையும், நாடக நோட்டீஸுகளையும் பல ஆண்டுகள் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானபோது அத்தொகுதி ஒரு லட்சம் உருப்படிகள் அளவுக்கு வளர்ந்திருந்தது. சிகாகோ சர்வகலாசாலையார் முன்வந்து அதைக் காப்பாற்ற, 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. தமிழனின் பத்திரிகையைக் காக்கச் சிகாகோவிலிருந்து உதவி வர வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையா என்பதை வாசகர்களே யோசிக்கட்டும். மறுபுறம், 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அந்த இரவை எண்ணி நாம் கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். ஆனால் பகைவன் வைக்கும் தீ ஓர் இரவில் செய்வதை, நம்முடைய அலட்சியம் ஐம்பது ஆண்டில் சத்தமின்றிச் செய்து முடிக்கும். அதற்குக் கண்டன ஊர்வலமும் நடப்பதில்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யும்படி சர்க்காரையும் சர்வகலாசாலைகளையும் பொது ஜனங்களையும் நாம் வற்புறுத்துகிறோம்.

முதலாவது, தஞ்சையிலுள்ள செங்கற்பட்டு ஓலைகள் முழுவதையும் ஒன்றுவிடாமல் புகைப்படப் பிரதி எடுத்து, எழும்பூரிலுள்ள ஆங்கிலச் சுருக்கத்தோடு ஊர் வாரியாகப் பொருத்தி, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் காணும்படி வெளியிட வேண்டும். காப்பகம் என்பது பூட்டுக்குப் பெயரன்று. மக்கள் சொத்துக்கு மக்கள் அனுமதிச் சீட்டோடு காத்து நிற்கும் நிலை மாற வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரின் கணக்கையும் இன்றைய எழுத்தில், இன்றைய அளவுகளோடு அச்சிட்டு, அந்தந்தப் பஞ்சாயத்திலும் பள்ளிக்கூடத்திலும் வைக்க வேண்டும். அதனோடு 1892-க்குப் பின் வந்த பஞ்சமி நிலப் பதிவுகளையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஏரிக் கணக்கு மட்டும் வெளியே வந்து சேரிக் கணக்கு உள்ளே கிடந்தால் அது பாதிச் சத்தியம். பாதிச் சத்தியம் யாருக்கும் விடுதலை தராது.

மூன்றாவது காரியம் இளைஞர்களுடையது. பொத்தேரியில் மட்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். எந்திர சாஸ்திரமும் கணினியும் கற்கும் அவர்களில் நூறு பேர், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பழைய கணக்கெழுத்தைப் பயிலட்டும். கணித மாணவன் கீழ்வாய் இலக்கத்தை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வான். நில அளவை கற்பவன் பழைய ஏரிக்கரையை இன்றைய படத்தில் குறித்துக் காட்டுவான். சட்டம் பயில்பவன் பதிவேட்டு வரியை நியாயஸ்தலத்துக்கு எடுத்துச் செல்வான். பக்கத்திலேயே இருக்கும் மறைமலைநகர், வாழ்நாளெல்லாம் நூல் சேர்த்த ஒரு புலவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் வைப்பதோடு கடமை தீர்ந்ததென்று நினைத்தால் அவர் சேர்த்ததற்குப் பயன் என்ன?

சுயராஜ்யம் என்பது அரண்மனையில் கொடி மாறுவது மாத்திரமன்று. குடிகள் தம் ஊரின் கணக்கைத் தாமே படித்துத் தாமே கேள்வி கேட்பதும் சுயராஜ்யத்தின் ஓர் அங்கம். 1767-இல் அந்நிய வணிகன் நம் ஊர்களை அறிய விரும்பினான், அறிந்தான், அறிந்து ஆண்டான். அவனுக்கு இருந்த அந்த ஆவலில் பாதியாவது நமக்கு வேண்டாமா? கணக்கன் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். ஓலைக்கட்டின் கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டிய கை எங்கோ சிகாகோவிலிருந்து வர வேண்டாம். செங்கற்பட்டுச் சீமையிலிருந்தே வரட்டும்.